பொதுப் பட்டறையில் சி.என்.சி. மில்லிங் இயந்திரம்: பாதுகாப்பாக இயக்கும் முறைகள்

நிலக்கடலை விதைக்கும் கருவியில் விதையை எண்ணி இறக்குவது ஒரு சிறு வட்டத் தட்டுதான். தட்டின் விளிம்பில் வரிசையாக உள்ள குழிகளில் பருப்பு ஒவ்வொன்றாக அமர்ந்து மேலேறி, விதைக் குழாயின் வாயில் விழுகிறது. குழி சிறிதானால் பருப்பு அமராது. சாலில் இடைவெளி விழும். குழி பெரிதானால் இரண்டு பருப்புகள் ஒன்றாக ஏறும். விதைச் செலவு கூடும். கருவியோடு வரும் தட்டு ஒரு இரகத்திற்குப் பொருந்தினால் மற்றோர் இரகத்திற்குப் பொருந்துவதில்லை. அரத்தால் குழியைப் பெரிதாக்கிப் பார்க்கும் உழவர்கள் உண்டு. ஆனால் கையால் அராவிய பன்னிரண்டு குழிகளும் ஒரே அளவில் அமைவது அரிது.

நிலக்கடலைக்கு வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்பது பரிந்துரை. விதைக் கருவியின் தரைச் சக்கரம் 38 செ.மீ. விட்டம் உடையதென வைத்துக் கொள்வோம். அது ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 119 செ.மீ. தூரம் நகரும். சக்கரம் ஒரு முறை சுற்றும்போது தட்டும் ஒரு முறை சுற்றுமாறு சங்கிலி அமைந்திருந்தால், தட்டில் 12 குழிகள் வேண்டும். வேறு பயிர், வேறு இடைவெளி என்றால் குழிகளின் எண்ணிக்கையும் மாறும். இத்தகைய தட்டை நம் அளவுக்கேற்பத் துல்லியமாக வெட்டித் தரக் கூடியது கணினியால் இயங்கும் சிறு மில்லிங் இயந்திரம். பட்டறைக்காரர்கள் இதை சி.என்.சி. மெஷின் என்பார்கள்.

மில் என்றவுடன் நமக்கு அரிசி மில்தான் நினைவுக்கு வரும். இது அரைக்கும் இயந்திரம் அன்று, வெட்டும் இயந்திரம். லேத்தில் பொருள் சுழல, வெட்டும் உளி நிற்கிறது. மில்லிங்கில் பொருள் மேசையில் இறுக்கப்பட்டிருக்க, கட்டர் சுழன்று வெட்டுகிறது. கைப்பிடியைச் சுற்றி மேசையை நகர்த்துவது பழைய முறை. சி.என்.சி.யில் மூன்று திசைகளுக்கும் தனித்தனி மோட்டார்கள் உண்டு. கணினி தரும் எண்களின்படி அவை நகர்த்துகின்றன. எண்களால் கட்டுப்படுத்தப்பட்ட மில்லிங் இயந்திரம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952ஆம் ஆண்டு செய்து காட்டப்பட்டது. அன்று ஓர் அறையை அடைத்துக் கொண்ட கட்டுப்பாட்டுக் கருவி இன்று உள்ளங்கையில் அடங்குகிறது. புனே அருகே பாபல் கிராமத்தில், முனைவர் கல்பாக் 1983இல் தொடங்கிய விஞ்ஞான ஆசிரமத்தில், 2002ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருவிகளைக் கொண்ட ஒரு பொதுப் பட்டறை அமைந்தது. கிராமத்தார் தமக்கு வேண்டியதைத் தாமே செய்து கொள்ள வேண்டும் என்பதே அங்கு நோக்கம். உழவர் குழுக்களும் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கூடி ஒரு சிறு இயந்திரத்தை வாங்கி வைத்துக் கொள்வது இன்று எட்டாத காரியமன்று.

வாங்குவதைவிட அதை இயக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். கதிரடிக்கும் இயந்திரங்களில் கைகளை இழந்தவர்களின் துயரம் பெருகியதால்தான் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் இயற்றப்பட்டது. தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் விரல் போனவர் இல்லாத வட்டாரம் குறைவு. அந்த இயந்திரங்களின் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். கத்தி சுற்றுவதைப் பார்க்கலாம், சத்தமும் மிரட்டும். சி.என்.சி. இயந்திரம் பார்வைக்குத் தையல் இயந்திரம் போல அடக்கமாக இருக்கும். அந்த அடக்கம் ஏமாற்றக் கூடியது.

இயந்திரம் அறிந்ததும் அறியாததும்

கட்டர் எங்கே இருக்கிறது என்பதை இயந்திரம் காண்பதில்லை. தொடங்கிய இடத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தோம் என்று மனக்கணக்குப் போட்டுக் கொண்டே போகிறது, அவ்வளவுதான். பெரும்பாலான சிறு இயந்திரங்களில் மோட்டார் உண்மையிலேயே நகர்ந்ததா என்று சோதிக்கும் அமைப்புக் கிடையாது. வழியில் எதிலேனும் முட்டி மோட்டார் தவறினாலும், நகர்ந்து விட்டதாகவே கணக்கு வைத்துக் கொள்ளும். கீழே இருப்பது நைலான் தட்டா, இரும்புக் கிளாம்பா, உங்கள் விரலா என்பது அதற்குத் தெரியாது. கீழே இறங்கு என்று எண் சொன்னால் இறங்கும்.

ஏர் பூட்டிய மாடு கல்லில் முட்டினால் நிற்கும். பவர் டில்லர் திணறினால் எஞ்சின் சத்தம் மாறும். கைப்பிடியில் அதிர்வு தெரியும். உழவரின் கைகள் இந்தச் சைகைகளுக்குப் பழகியவை. சி.என்.சி.யில் கைக்கு எந்தச் சைகையும் வருவதில்லை. ஆகவே கை உணர வேண்டியதை, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே கண்ணும் கணக்கும் உணர்ந்தாக வேண்டும்.

துண்டும் வேட்டியும் கையுறையும்

பட்டறை வாசலில் முதலில் கழற்றி வைக்க வேண்டியது தோள் துண்டு. இதைச் சொன்னால் சிலருக்கு மனத்தாங்கல் ஏற்படலாம். கணக்கைப் பார்த்தால் வருத்தம் இராது. கிணற்று மோட்டார் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,440 சுற்றுச் சுற்றுகிறது. சிறு சி.என்.சி. இயந்திரத்தின் ஸ்பிண்டில் 12,000 சுற்றில் ஓடுவது சாதாரணம். அதாவது ஒரு நொடிக்கு 200 சுற்று. கட்டரைப் பிடித்திருக்கும் நட்டின் விட்டம் 25 மி.மீ. என்றால், ஒரு சுற்றுக்கு 78 மி.மீ. துணியை அது சுருட்டும்; நொடிக்கு 15 மீட்டருக்கு மேல். இரண்டு மீட்டர் துண்டு முழுவதும் சுருண்டு விட ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு போதும். ஆபத்து என்று மூளை அறிந்து கை அசைவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும். துண்டின் மறுமுனை கழுத்தில் இருந்தால் என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை.

வேட்டியும் லுங்கியும் அணிந்து இயந்திரத்தின் அருகில் நிற்கக் கூடாது. காற்சட்டை அணிந்து, சட்டையின் முழுக்கையை முழங்கைக்கு மேல் மடித்து விட வேண்டும். பெண்கள் சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் தொங்க விடாமல், மேலே பொத்தானிட்ட சட்டை ஒன்றை அணிந்து கொள்வது நல்லது. பின்னலைக் கொண்டையாக முடிந்து துணியால் கட்டிக் கொள்ள வேண்டும். கையில் கட்டிய கோயில் கயிறு, மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகியவை ஆபத்தானவை. கயிற்றைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதை மேல் முழங்கைக்கு ஏற்றி, சட்டைக் கைக்குள் அடக்கிக் கொள்ளலாம்.

அடுத்து கையுறை. கையைக் காப்பதற்குத்தானே கையுறை என்று பலரும் நினைக்கின்றனர். மருந்து தெளிக்கும்போது கையுறை அணியுங்கள் என்று நாமே பல ஆண்டுகளாக வற்புறுத்தி வருகிறோம். ஆனால் சுழலும் கட்டருக்கு அருகில் கையுறை அணிவது பெரும் தவறு. வெறும் விரலில் கட்டர் பட்டால் தோல் கிழியும், தசையும் வெட்டுப்படும். கையுறையின் நூலைக் கட்டர் கவ்வினால் கையையே உள்ளே இழுத்து முறுக்கி விடும். கூரிய தகட்டைத் தூக்கும்போதும், இயந்திரம் முழுவதும் நின்ற பிறகு சீவல்களை அள்ளும்போதும் கையுறை அணியலாம். ஸ்பிண்டில் சுழலத் தொடங்குமுன் கழற்றி விட வேண்டும்.

பக்கமும் மூடிய கண்ணாடி அணியாமல் எவரும் இயந்திரத்தின் அருகே வரக் கூடாது. இயக்குபவருக்கு மட்டுமன்றி, பக்கத்தில் வேடிக்கை பார்ப்பவருக்கும் இது பொருந்தும். உடைந்த கட்டர் துண்டு ஆள் பார்த்துப் பறப்பதில்லை. காலில் செருப்புக்குப் பதில் மூடிய காலணி வேண்டும். சூடான சீவல் விரலிடுக்கில் விழுந்தால் கால் தானாக உதறும், உதறியவர் எங்கே கை ஊன்றுவார் என்று சொல்ல முடியாது.

பொருளைப் பிடித்து நிறுத்துதல்

வெட்டப்படும் பொருள் நகரக் கூடாது. இதுவே மில்லிங் வேலையின் முதல் விதி. ஒரு கையால் தட்டை அழுத்திக் கொண்டு மறு கையால் பொத்தானை அழுத்தும் பழக்கத்திற்கு ஒரு முறைகூட இடம் தரக் கூடாது. கட்டை அல்லது உலோகக் கட்டி என்றால் வைஸில் இறுக்கலாம். தாடைக்குள் பொருளின் உயரத்தில் பாதியாவது அமர்ந்திருந்தால் நல்லது. இறுக்கியபின் மரச் சுத்தியால் தட்டிப் பார்த்தால் அசைகிறதா என்பது தெரிந்து விடும்.

விதைத் தட்டுப் போன்ற மெல்லிய தகடுகளுக்கு வைஸ் உதவாது. மேசையின் மேல் ஒரு மரப்பலகையைப் போட்டு, அதன்மேல் தகட்டை வைத்து, நான்கு மூலைகளிலும் திருகாணி அடித்து நிறுத்த வேண்டும். திருகாணிகள் கட்டர் செல்லும் வழிக்கு வெளியே இருக்க வேண்டும். கட்டர் ஓரிடத்தில் வெட்டி முடித்து வேறிடத்திற்குப் போகும்போது, சற்று உயர்ந்து காற்றில் பறந்து செல்லும். அந்த உயரம் 5 மி.மீ. என்று எழுதியிருக்க, கிளாம்பின் போல்ட் 20 மி.மீ. உயரத்திற்கு நீட்டிக் கொண்டிருந்தால், கட்டர் முழு வேகத்தில் போல்ட்டில் போய் மோதும். சிறு பட்டறைகளில் கட்டர் உடைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிளாம்பின் உச்சியைவிடக் குறைந்தது 5 மி.மீ. கூடுதலாக அந்த உயரத்தை வைக்க வேண்டும்.

தகட்டிலிருந்து வட்டத்தை வெட்டி எடுக்கும்போது கடைசிச் சுற்று மிகவும் கவனத்திற்குரியது. அதுவரை தகட்டோடு ஒட்டியிருந்த வட்டம், கடைசி இழை அறுந்தவுடன் தனியாகி விடும். விடுபட்ட தட்டைக் கட்டர் பற்றிச் சுழற்றி வீசி எறியும். இதைத் தடுக்க, வட்டத்தின் விளிம்பில் மூன்று அல்லது நான்கு இடங்களில் 1 மி.மீ. கனத்திற்குச் சிறு பாலங்களை வெட்டாமல் விட்டு வைக்க வேண்டும். வரைபடம் தயாரிக்கும் கணினி நிரலிலேயே இதற்கு வழி உண்டு. இயந்திரம் நின்றபின் பாலங்களைக் கத்தியால் அறுத்து அரத்தால் தேய்த்து விடலாம். நடுத் துளையையும் குழிகளையும் முதலில் வெட்டி, வெளி வட்டத்தைக் கடைசியில் வெட்டுவதே சரியான வரிசை.

பூச்சியம் வைத்தல்

நிலம் அளக்கும்போது எந்தக் கல்லிலிருந்து சங்கிலி பிடிக்கிறோம் என்பது முக்கியம். கல் தவறினால் சங்கிலி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை. சி.என்.சி.யில் அந்தக் கல்லுக்குப் பூச்சியம் என்று பெயர். இடவலமாகச் செல்வது எக்ஸ், முன்னும் பின்னுமாகச் செல்வது ஒய், மேலும் கீழுமாகச் செல்வது இசட். எக்ஸும் ஒய்யும் தவறினால் பெரும்பாலும் பொருள் பாழாகும். இசட் தவறினால் கட்டரும் மேசையும் பாழாகும், துண்டுகள் பறக்கும். நம் எச்சரிக்கையில் பாதி இசட் திசைக்கே உரியது.

இசட் பூச்சியத்தைப் பொருளின் மேற்பரப்பில் வைப்பது ஒரு முறை. அப்போது மேற்பரப்புக்குக் கீழே உள்ள ஆழமெல்லாம் கழித்தல் குறியோடு வரும். 6 மி.மீ. தகட்டை முழுதும் வெட்ட, கழித்தல் 6 வரை இறங்க வேண்டும். பூச்சியத்தை அடிப்பலகையின் மேல் வைப்பது மற்றொரு முறை. இரண்டில் எதையும் பின்பற்றலாம். ஆனால் நிரலை எழுதியவர் ஒன்றை நினைத்திருக்க, இயக்குபவர் மற்றொன்றை வைத்தால் விபரீதம். மேற்பரப்பைப் பூச்சியமாகக் கொண்டு எழுதிய நிரலுக்கு, அடிப்பலகையில் பூச்சியம் வைத்தால் என்ன ஆகும்? மேலே 5 மி.மீ. உயரத்தில் பறக்க வேண்டிய கட்டர், 6 மி.மீ. தகட்டுக்குள்ளேயே பாய்ந்து செல்லும். பின்பு பலகைக்குள் மேலும் 6 மி.மீ. இறங்கும். பலகை மெல்லியதானால் கீழே உள்ள மேசையையே துளைக்கும். ஆகவே நிரலின் முதல் வரியிலேயே, பூச்சியம் எங்கே என்பதைத் தமிழில் குறிப்பாக எழுதி வைக்குமாறு பட்டறையில் விதி செய்து விடலாம். அடைப்புக்குறிக்குள் எழுதிய குறிப்பை இயந்திரம் கட்டளையாகக் கொள்ளாமல் தாண்டிச் செல்லும். சில கட்டுப்பாட்டுக் கருவிகள் தமிழ் எழுத்தை ஏற்பதில்லை. அங்கே ஒரு காகிதத்தில் எழுதி இயந்திரத்தில் ஒட்டி விட வேண்டும்.

பூச்சியம் வைக்க எளிய முறை காகித முறை. ஸ்பிண்டில் நின்றிருக்க வேண்டும். சாதாரண வெள்ளைக் காகிதத்தின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ. அதைப் பொருளின்மேல் வைத்து ஒரு கையால் மெல்ல முன்னும் பின்னும் இழுத்துக் கொண்டே, கட்டரை முதலில் 1 மி.மீ., பின்பு 0.1 மி.மீ., கடைசியில் 0.01 மி.மீ. என்று படிப்படியாக இறக்க வேண்டும். காகிதம் பிடிபட்டவுடன் அந்த இடத்தை 0.1 என்று பதிவு செய்தால் போதும். இறக்கும் பொத்தானை ஒவ்வொரு தட்டாகத் தட்ட வேண்டுமே தவிர, அழுத்திப் பிடித்திருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் படி அளவு எவ்வளவு என்று திரையைப் பார்த்த பின்னரே தட்ட வேண்டும். 0.1 என்று நினைத்து 10 மி.மீ. படியில் தட்டியவர்களின் கட்டர்கள் பல பட்டறைகளின் குப்பைப் பெட்டியில் கிடக்கின்றன.

கட்டரை மாற்றினால் இசட் பூச்சியத்தை மீண்டும் வைத்தாக வேண்டும். புதிய கட்டர் பழையதைவிட 8 மி.மீ. நீளமாக இருந்தால், எல்லா ஆழமும் 8 மி.மீ. கூடி விடும். இதை மறப்பவர் பலர்.

அளவு முறையும் ஒரு கண்ணி. ஜி 20 என்ற கட்டளை அங்குலத்தையும் ஜி 21 மில்லிமீட்டரையும் குறிக்கும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. மில்லிமீட்டரில் எழுதிய நிரலை அங்குலம் என்று இயந்திரம் எடுத்துக் கொண்டால், 6 மி.மீ. இறங்க வேண்டிய இடத்தில் 152 மி.மீ. இறங்க முயலும். நாம் மில்லிமீட்டரிலேயே வேலை செய்வதால், நிரலின் தொடக்கத்தில் ஜி 21 இருக்கிறதா என்று பார்த்து விடுவது நல்லது. பிற நாடுகளில் வரைந்து இலவசமாகத் தரப்படும் படங்களைப் பயன்படுத்தும்போது இந்தக் கவனம் மிகவும் தேவை.

இவையெல்லாம் சரி என்று தோன்றிய பின்பும், உடனே பொருளில் வெட்டக் கூடாது. வெள்ளோட்டம் பார்க்க வேண்டும். இசட் பூச்சியத்தை உண்மையான இடத்திற்கு மேலே 20 மி.மீ. உயர்த்தி வைத்துக் கொண்டு, நிரலைக் காற்றிலேயே ஓட விட்டால், கட்டர் எங்கெங்கே போகிறது, திருகாணியின் மேல் போகிறதா, தகட்டுக்கு வெளியே போகிறதா என்பதெல்லாம் தெரிந்து விடும். பத்து நிமிடம் வீணாவதாகச் சிலர் கருதலாம். தட்டு ஒன்றுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். அதே நிரலில் பத்துத் தட்டுகள் வெட்டும்போது பத்து முறை பார்க்க வேண்டியதில்லை. வெள்ளோட்டம் முடிந்ததும் பூச்சியத்தை உரிய இடத்திற்குத் திரும்பக் கொண்டு வர வேண்டும்.

வேகமும் ஊட்டமும்

எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும், எவ்வளவு வேகமாக முன்னேற வேண்டும் என்ற இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. கட்டரின் ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றுக்கு எவ்வளவு கனமான சீவலை எடுக்கிறது என்பதே கணக்கு. ஒரே பல் உடைய 6 மி.மீ. கட்டர் 12,000 சுற்றில் ஓட, ஒரு பல்லுக்கு 0.1 மி.மீ. சீவல் எடுப்பதானால், நிமிடத்திற்கு 1,200 மி.மீ. முன்னேற வேண்டும். பாலிஎத்திலீன் தகட்டுக்கு இது பொருந்தும். ஒரு முறைக்கு 3 மி.மீ. ஆழம் போதும். பயந்து கொண்டு முன்னேற்றத்தை 200 ஆகக் குறைத்தால் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். சீவல் மெலிந்து, உராய்வு கூடி, பிளாஸ்டிக் உருகிக் கட்டரைச் சுற்றிக் கொள்ளும். உருகிய உருண்டை பொருளையே பிடித்து இழுக்கும்.

அலுமினியத்திற்கு ஆழம் 0.5 முதல் 1 மி.மீ. வரை, இரு பல் கார்பைடு கட்டர், 10,000 சுற்று, ஒரு பல்லுக்கு 0.03 மி.மீ. என்றால் நிமிடத்திற்கு 600 மி.மீ. லேத் பட்டறைகளில் அலுமினியத்திற்கு மண்ணெண்ணெய் விடும் வழக்கம் உண்டு. இவ்வளவு சுற்றில் அது புகைபோலப் பரவித் தீப்பற்றக் கூடும். நீரில் கலக்கும் கட்டிங் எண்ணெயைச் சிறிது சிறிதாக விடலாம். இரும்பையும் வார்ப்பிரும்பையும் இந்தச் சிறு இயந்திரங்களில் வெட்ட முயலாமல் லேத் பட்டறைக்கே கொடுத்து விடுவது மேல்.

மின்சாரம் போனால், வந்தால்

இது நம் ஊர்களுக்கே உரிய பகுதி; இயந்திரத்தோடு வரும் கையேடுகளில் போதிய அளவு இராது. கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரில் ஒரு சுருள் உண்டு. மின்சாரம் போனால் அது விடுபட்டு, மீண்டும் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை மோட்டார் ஓடாது. இரவில் மும்முனை மின்சாரம் வரும்போது எழுந்து போக வேண்டியிருப்பதால், தானாக ஓடச் செய்யும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பலரும் மாட்டியிருக்கிறார்கள். வயலில் அது வசதி. பட்டறையில் அந்தப் பழக்கம் உயிருக்கு உலை.

சிறு சி.என்.சி. இயந்திரங்கள் பலவற்றில், தச்சர்கள் பயன்படுத்தும் ரவுட்டர் மோட்டாரையே ஸ்பிண்டிலாகப் பொருத்தி விடுகிறார்கள். அதில் சாதாரண தள்ளு சுவிட்சுதான் இருக்கும். வெட்டிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் போகிறது, கட்டர் தகட்டுக்குள் நிற்கிறது, இயக்குபவர் குனிந்து சீவலைத் துடைக்கிறார், மின்சாரம் வருகிறது, சுவிட்சு போட்டபடியே இருப்பதால் கட்டர் 12,000 சுற்றில் ஓடத் தொடங்கி விடுகிறது. ஆகவே இயந்திரத்திற்கு முன்னால், மின்சாரம் போனால் விடுபட்டுத் தானாக ஒட்டிக் கொள்ளாத ஸ்டார்ட்டர் ஒன்றைக் கட்டாயம் பொருத்த வேண்டும். பட்டறை அமைக்கும்போது முதற் செலவாக இதைச் செய்யலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டுப்பாட்டுக் கணினி மடிக்கணினியானால் அதற்கு மின்கலம் இருக்கும். மோட்டார்களுக்கு மின்சாரம் போன பின்னும் அது கட்டளைகளை அனுப்பிக் கொண்டே இருக்கலாம். மின்சாரம் திரும்பும்போது இயந்திரம் ஒரு கணக்கிலும் கட்டர் வேறு இடத்திலும் இருக்கும். ஆதலால் மின்சாரம் போனவுடன் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்து விட வேண்டும். பின்பு இசட் திருகைக் கையால் சுற்றிக் கட்டரை மேலே தூக்க வேண்டும். மின்சாரம் வந்தபின், இயந்திரத்தைத் தொடக்க மூலைக்குக் கொண்டு போய், பூச்சியம் சரிபார்த்து, முதலிலிருந்து தொடங்குவதே முறை. விட்ட இடத்திலிருந்து தொடர்வது அனுபவம் மிக்கவர்களுக்கு மட்டுமே உரியது. அவசரப் பொத்தானை அழுத்திய பிறகும் இவ்வாறே செய்ய வேண்டும். அழுத்திய பின்னரும் ஸ்பிண்டில் சில நொடிகள் சுற்றிக் கொண்டிருக்கக் கூடும் என்பதையும் நினைவில் கொள்க.

எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டுக் கோடையில் நீர் ஊற்றி வருவது, ஃபியூஸுக்குப் பதில் கம்பியை முறுக்காமல் இருப்பது ஆகியவை மோட்டார் அறைக்குச் சொல்லப்பட்டவையே. பட்டறைக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் கருவியும் வேண்டும். ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் பெட்டிக்குள், மின்சாரத்தை அணைத்த பின்பும் சில நிமிடங்கள் அதிர்ச்சி தரும் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதைத் திறப்பது மின் பணியாளரின் வேலை.

ஓடும்போது

முதல் தட்டை வெட்டும்போது முன்னேற்ற வேகத்தைப் பாதிக்குக் குறைத்து, ஒரு கையை அவசரப் பொத்தானுக்கு அருகிலேயே வைத்திருக்க வேண்டும். கட்டர் பொருளில் சரியாக இறங்கியதைக் கண்ட பின் உரிய வேகத்திற்கு உயர்த்தலாம். சத்தம் ஒரே சீராக இருந்தால் நலம். கிறீச்சிட்டாலோ, தடதடத்தாலோ, கருகிய வாடை வந்தாலோ நிறுத்தி விட்டுக் காரணம் பார்க்கலாம். ஓடும் இயந்திரத்தை விட்டு விட்டுத் தேநீர் குடிக்கப் போவது, சி.என்.சி. தானே வெட்டும் என்ற நம்பிக்கையால் எழும் சோம்பல். சிறு தீ பெரிதாவதும், உடைந்த கட்டர் அரைமணி நேரம் காற்றை வெட்டிக் கொண்டிருப்பதும் அந்த வேளையில்தான்.

சீவலை விரலால் தள்ளக் கூடாது. வாயால் ஊதக் கூடாது. இயந்திரத்தை நிறுத்தி, தூரிகையால் தள்ள வேண்டும். அமுக்கக் காற்றால் ஊதினால் கூரிய சீவல் கண்ணுக்கும் இயந்திரத்தின் திருகுகளுக்குள்ளும் போகும். கண்ணாடி நார்ப் பலகை, அழுத்தப்பட்ட மரத்தூள் பலகை ஆகியவற்றின் தூசு நுரையீரலுக்கு ஆகாது. மூக்குக் கவசமும் தூசி உறிஞ்சியும் இன்றி அவற்றை வெட்ட வேண்டாம்.

கட்டரை மாற்றும்போது மெயின் சுவிட்சை அணைத்து விட வேண்டும். ஸ்பேனரைக் காலெட் நட்டிலேயே மாட்டி விட்டு ஓட்டினால் அது கல்லெறிபோலப் பறக்கும். மாற்றுபவர் கையில் ஸ்பேனர் இருக்கும்வரை பொத்தானருகே வேறு எவரும் நிற்கக் கூடாது.

பலர் கைபடும் இயந்திரம்

தனி உரிமையாளரின் இயந்திரத்துக்கும் பொது இயந்திரத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பொது இயந்திரத்தின் நினைவில், முந்தைய ஆள் வைத்த எண்கள் இருக்கும். நேற்று ஒருவர் 40 மி.மீ. உயரக் கட்டைக்கு வைத்த பூச்சியம், இன்று நீங்கள் வைக்கும் 6 மி.மீ. தகட்டுக்கும் அப்படியே இருக்கும். ஆகவே எவருடைய பூச்சியத்தையும் நம்பக் கூடாது. அண்ணன் தம்பியாக இருந்தாலும் சரி. ஒவ்வொருவரும் தம் வேலையை இயந்திரத்தைத் தொடக்க மூலைக்குக் கொண்டு போவதிலிருந்து தொடங்க வேண்டும். வேலை முடிந்ததும் கட்டரைக் கழற்றி, ஸ்பிண்டிலை உயரே நிறுத்தி, மேசையைத் துடைத்து விட்டுப் போவது மரியாதை.

ஒரு பதிவேடு வேண்டும். பெயர், நேரம், வெட்டிய பொருள், பயன்படுத்திய கட்டர், நேர்ந்த கோளாறு ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். கட்டர் உடைந்தால் மறைக்காமல் எழுதும் சூழ்நிலை இருக்க வேண்டும். உடைத்தவரிடம் அபராதம் வாங்கும் பட்டறையில் உடைந்த கட்டர்கள் பதிவேட்டுக்கு வருவதில்லை. விரிசல் விட்ட கட்டர் பெட்டிக்குள்ளேயே திரும்பப் போய், அடுத்தவர் கையில் வெடிக்கிறது. ஆகையால் கட்டர் தேய்மானத்தை வாடகையிலேயே சேர்த்து விடுவது அறிவுடைமை.

பயிற்சி பெற்றவர் என்று பதிவேட்டில் குறிக்கப்பட்டவர்கள் மட்டுமே இயக்கலாம். அவர்களும் தனியாக இருக்கும்போது இயக்கக் கூடாது; கூப்பிடு தூரத்தில் இன்னொருவர் வேண்டும். நடவு, அறுவடை நாட்களில் பகல் முழுவதும் உழைத்து விட்டு இரவில் வந்து ஓட்டுவதை அனுமதிக்க வேண்டாம். குடித்தவரை உள்ளே விடுவதில்லை என்பதில் தலைவர், உறவினர் என்ற வேறுபாடு கூடாது. குழந்தைகள் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. சன்னலுக்கு வெளியிலிருந்து பார்க்கட்டும்.

காயம் பட்டால்

முதலில் அவசரப் பொத்தான், பிறகே ஆள். ஓடும் இயந்திரத்தில் சிக்கியவரைப் பிடித்து இழுத்தால் இருவரும் சிக்கலாம். இரத்தம் ஒழுகினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை இதயத்திற்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். காப்பித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. மருத்துவர் அதைக் கழுவி எடுப்பதற்கே நேரமாகும். உடனே 108க்குச் சொல்லி அனுப்ப வேண்டும். விரல் துண்டாகி விட்டால் அதையும் தேடி எடுத்து, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி உள்ள பாத்திரத்தில் வைத்துக் கொண்டு போக வேண்டும். விரல் பனிக்கட்டியில் நேராகப் படக் கூடாது. நீரில் ஊறவும் கூடாது. முறையாகக் கொண்டு சென்ற விரலைப் பொருத்தக் கூடிய மருத்துவமனைகள் நம் பெரிய நகரங்களில் உள்ளன. சிறு கீறலானாலும் இரண ஜன்னி தடுப்பூசி போட்டு எவ்வளவு காலமாயிற்று என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கண்ணில் சீவல் பட்டால் கசக்கக் கூடாது. துணி நுனியால் எடுப்பதும், தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவதும் கருவிழியைக் கெடுக்கும். குத்தி நிற்கும் துணுக்கைப் பிடுங்காமல், கண்ணின்மேல் அழுத்தாதவாறு ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்துக் கட்டி, கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். உறுத்தல் குறைந்து விட்டது என்று வீட்டிலேயே இருந்து விடக் கூடாது. உலோகத் துணுக்கு உள்ளே தங்கினால் வலியின்றியே பார்வையைக் கெடுக்கும்.

காயம் ஆறுவதற்குக் காத்திராமல், எப்படி நேர்ந்தது என்பதை அன்றே பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். காரணம் தெரிந்து அது சரி செய்யப்படும்வரை மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைப் பொறுப்பாளர் வைத்திருக்க வேண்டும்.